என் ஏப்பத்துக்கு வந்த மரியாதை

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் என் ஏப்பத்தால் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. எழுபதுகளின் நடுவில், ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனம் இருந்த வீடு அது. அடக்க அடக்கச் சத்தம்தான் கூடும். குனிந்து கோலம் போட்டால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி நெஞ்சு எரியும். பாதிக் கோலத்தில் நிமிர்ந்து நின்றுவிடுவேன். விருந்தாளி வந்தால் மாமியார், "நீ உள்ளயே இரு" என்பார்.

ஒருநாள் பக்கத்துக் குடித்தனத்துப் பெண், ஓயாமல் அழுத தன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். தோளில் போட்டுத் தட்டும்போது எனக்கு அடுத்தடுத்து மூன்று ஏப்பம். குழந்தை தூங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் மந்திரிப்பவருக்கு ஏப்பம் வந்தால் திருஷ்டி கழிந்துவிட்டதாக அர்த்தம். ஏப்பத்தைக் கேட்டபடியே தண்ணீரோடு திரும்பி வந்தவள் குடத்தை இறக்கக்கூட இல்லை.

"அக்கா, உங்களுது ராசியான கைக்கா! கண்ணு பட்டதெல்லாம் எறங்கிடுச்சு."

அவ்வளவுதான். தெருவில் எந்தக் குழந்தை சிணுங்கினாலும் என் தோளுக்கு வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருத்தி பஸ் ஏறியே வந்தாள். என்னை உள்ளே ஒளித்துவைத்த மாமியார் இப்போது வாசலில் பாய் விரித்தார். முந்தின நாள் தின்ற காரக்குழம்புதான் மந்திரம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மட்டம் தட்டப்பட்டே பழகியவளுக்கு மரியாதை இனிக்காதா என்ன?

அடுத்த கோடையில் பக்கத்துக் குடித்தனத்தின் அதே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாளாகப் போய்க்கொண்டிருந்ததாம். கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. "யாரோ கண்ணு வெச்சுட்டாங்கக்கா, கழிச்சு வுடுங்க" என்று என் மடியில் போட்டாள். போட்டதுதான் தாமதம், வாசல்வரை கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் வந்தது எனக்கு. "அப்பாடா, கழிஞ்சுடுச்சு" என்று அவள் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொடுத்தால் வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவாள், குழந்தை பிழைக்காது.

"இது திருஷ்டி இல்லம்மா. என் வயித்துக் கோளாறு, ரொம்ப நாளா இருக்குது. எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

ஐந்து குடித்தனமும் பார்த்துக்கொண்டு நின்றது. மாமியார் முகம் கறுத்துவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் குழந்தையோடு நடந்தேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். தேரடிக்கு வந்துதான் குதிரை வண்டி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு நானும் அழுதேன், கூடவே ஏப்பமும். நர்ஸம்மா திரும்பிப் பார்த்து, "உனக்கு எத்தினி நாளா இப்படி?" என்றார். அதுவரை ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. அவர் விடாப்பிடியாக டாக்டரிடம் அழைத்துப் போனார். பிறகு வேலூரில் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பையின் மேல்பக்கம் நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதாம், ஹெர்னியாவாம். கம்மியாகச் சாப்பிடு, சாப்பிட்ட உடனே படுக்காதே, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வை என்றார்கள். அந்தச் செங்கற்களை மாமியாரே தூக்கி வந்து வைத்தார். எரிச்சல் முழுக்கப் போகவில்லை, ஆனால் தூக்கம் வந்தது. அந்த நர்ஸம்மாவை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில் ஒரு காலை, பாதியில் நான் விட்ட கோலத்தை அந்தக் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண், உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவிடம், "உன்ன ஒரு வருஷம் ஏமாத்திட்டேனேம்மா" என்றேன், பல வருஷமாய்த் தொண்டையில் நின்றதை.

"அன்னிக்கிக் காலையிலயே எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு. நான் கேக்கலக்கா. யாரு சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஏப்பம் வுட்ட நீங்களே சொல்றீங்களேன்னுதான் ஓடியாந்தேன்."

கோலம் முடியும்வரை அங்கேயே நின்றேன். அந்தப் பாழாய்ப்போன வயிற்றுக்கு அன்றுதான் முதல்முறையாக நன்றி சொன்னேன்.