கடல்பூ வீட்டு மாப்பிள்ளை

தாஹிர் என்ற பெயரை அசனா முதன்முதலில் கேட்டது ஒரு கந்தூரிச் சாப்பாட்டில்தான். கிண்ணியாவில் அவளுடைய பெரியும்மாவின் மருமகளுக்கு மாமா மகன் ஒருவன் இருக்கிறானாம். பேச்சில் கெட்டிக்காரன், மற்றதெல்லாம் பழகிக்கொள்வான் என்றார்கள். பேச்சைப் பற்றிச் சொன்னது உண்மை.

ஊர் வழக்கப்படி நிலாவெளி வீட்டை மகள் நுஸ்ரத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவனை மாப்பிள்ளை எடுத்தாள் அசனா. ஒரு பையோடு வந்திறங்கியவன், புறாமலைத் தீவுக்கு உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றும் தொழில் தொடங்கினான். அங்கே பவளப் பாறையில் கடல்பூவுக்குள் கோமாளி மீன்கள் குடியிருக்கின்றன. செம்மஞ்சள் உடம்பு, வெள்ளைப் பட்டி.

"பெரிசா முன்னுக்கு நிக்கிறவர்தான் ஆம்பிளை, வீட்டுக்காரர். பின்னால ஒளியிறது பொஞ்சாதி" என்பான் தாஹிர்.

ஊராருக்குச் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வாசல் கேற்றில் 'தாஹிர் மன்ஸில்' என்று பலகை அடித்தான்.

நுஸ்ரத் குசினியிலிருந்து வந்து பார்த்தாள். "உம்மா தந்த வீட்டுக்கு ஒங்கட பேரா?"

"கடல்லயே அதுதான் சட்டம் புள்ள. வந்து பாரு. நான் சொன்னது பிழையெண்டா பலகையைக் கழற்றுறன்."

அசனா கணக்குப் போட்டாள். இன்றைக்குக் கேற்றில் பெயர், நாளைக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தில். மகளோடு அவளும் படகில் ஏறினாள்.

அன்றைய பயணிகளில் பாலையூற்றுக் கஜந்தியும் ஒருத்தி. மீன்களைப் பற்றிப் படிக்கிறவள். தாஹிர் தன் பிரசங்கத்தை முடித்தபோது, கண்ணாடி மாட்டித் தண்ணீரில் முகம் வைத்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, பெரிசுதான் பொம்பிளை. சின்னன்தான் புருசன். முட்டைக்குச் செட்டையால விசிறிக்கொண்டு நிக்கிறார், பாருங்கோ."

படகே சிரித்தது. தாஹிர் தப்பிக்க ஒரு வழி தேடினான். "அவ மௌத்தாப் போனா?"

"பிறகு இவரே பொம்பிளையா மாறிடுவார்."

நுஸ்ரத் முக்காட்டைச் சரிசெய்தாள். "அப்ப நான் உசிரோட இருக்குமட்டும் நீங்க ஆம்பிளைதான். பயப்படாதீங்க."

"மருமகன், கழற்றக்குள்ள பாத்துக் கழற்றுங்க. கேற்றும் எங்கடதான்" என்றாள் அசனா.

அந்தப் பலகை இன்று படகில் பயணிகள் உட்காரும் பலகை. பெரிய மீன் பொம்பிளை என்பதைத் தானே கண்டுபிடித்ததாக அவர்களிடம் சொல்கிறான். பின்னேரம் வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடக்கும் தன் பிள்ளைக்கு விசிறுகிறான். தாஹிர் இப்போது நிலாவெளியில், நுஸ்ரத்தின் வீட்டில் இருக்கிறான்.