பல்ப் அலமாரியில் வைத்த லேப்டாப்

கடல் நடுவே ஒரு தீவில், கேம்பல் பே என்ற ஊரில் தனியாக இருந்த அந்த மழைக்காலத்தில் என் விரல் அதிகம் தொட்டது லேப்டாப்பின் டச்பேடைத்தான். மகளின் பிரசவத்துக்காக மனைவி மூன்று மாதமாக மதுரையில். எனக்கு இங்கே ரோடு கான்ட்ராக்டரிடம் மெட்டீரியல் லிஸ்ட் அடிக்கிற வேலை.

கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த லேப்டாப் அது. டச்பேடை லேசாகத் தட்டினால் காது கேட்காது. இடது மூலையில் கட்டைவிரலால் அமுக்கினால்தான் 'டொக்'கென்று பதில் சொல்லும். ஈரக் காற்றில் விரல் ஒட்டிக்கொள்ளும், திரையில் அம்பு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். கைலி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "வாடா ராசா, இந்தப் பக்கம் வா" என்பேன். வீட்டுக்குள் எனக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான்.

இங்கே அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது வழக்கம். இல்லையென்றால் சட்டை, சர்டிபிகேட் எல்லாம் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். லேப்டாப்பையும் அதற்குள்தான், பல்புக்குப் பக்கத்தில், பச்சைப் பிள்ளை மாதிரி பத்திரமாக வைத்து வந்தேன்.

மகளுக்கு நாள் நெருங்கியது. போர்ட் பிளேர் போகிற கப்பலுக்கு டிக்கெட் ஆன்லைனில் காலை ஒன்பதுக்குத் திறக்கும், கால் மணியில் தீர்ந்துவிடும். அதை விட்டால் பத்து நாள் கழித்துத்தான் அடுத்த கப்பல். போனில் அந்த டிக்கெட் வெப்சைட் பாதிதான் தெரியும். மவுஸ் உப்புக் காற்றில் முன்பே செத்துப்போயிருந்தது.

ஒன்பது அடித்ததும் பெயர், வயது எல்லாம் நிரப்பி, கடைசியில் அமுக்கினேன். டொக் வரவில்லை. இரண்டு விரலால் அமுக்கினேன். ம்ஹும். என்டரைத் தட்டினால் பக்கம் முதலிலிருந்து ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் டச்பேட் பூரி மாதிரி உப்பியிருந்தது.

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவருக்கு போன் போட்டேன்.

"எங்கண்ணே வைப்பீங்க?"

"பல்ப் அலமாரியில."

"அது என்ன, நனைஞ்ச பனியனா? சூட்டுல பேட்டரி வீங்கி டச்பேடைத் தூக்குது. வெடிச்சுரும்ணே, மொதல்ல ஆஃப் பண்ணுங்க!"

"ஒரே ஒரு டிக்கெட் தம்பி, போட்டுட்டு…"

"அண்ணே!"

அணைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். "அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதும்பாங்க. விடுங்க" என்றாள். மகள்தான் போனை வாங்கி, "அப்போ நீங்க வரமாட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

கப்பல் போன நான்காம் நாள் பேரன் பிறந்தான். போனில் அவன் அழுகை விட்டுவிட்டுக் கேட்டது, அப்புறம் லைன் போய்விட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ரோட்டுக்கு ஓடி, ஸ்கூட்டரில் வந்த தெலுங்கு மீன்காரரை மறித்து, தாத்தாவாகிவிட்டேன் என்று இந்தியில் சொன்னேன். "பதாய் ஹோ, தாதா!" என்று வாழ்த்தி, ஹாரன் அடித்துக் கொண்டாடினார் மனிதர். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிலோ சூரை மீன் வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் வந்து அரிவாள்மனையை எடுத்த பிறகுதான், சாப்பிட நான் ஒருத்தன்தானே என்று உறைத்தது.