மூன்று நிமிஷ டிரங்க் கால்

சங்ககிரியில் இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால், போலீசுக்குப் போவதற்கு முன்னால் சின்னப்பராஜிடம் போவார்கள். அவனிடம் ஒரே ஒரு சட்டம்தான். ஒருவன் சொல்வதை மற்றவன் முழுக்கக் கேட்டு, அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் சொன்னது இதுதான்" என்று முதல் ஆள் ஒப்புக்கொண்ட பிறகுதான் இரண்டாம் ஆள் தன் கதையைத் தொடங்கலாம். பாதிச் சண்டை திருப்பிச் சொல்லும்போதே நின்றுவிடும். இதைக் கேட்டுவிட்டு, ஆள் பிறவியிலேயே பொறுமைசாலி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அவனைப் போல அடுத்தவர் பேச்சை வெட்டுகிற ஆள் காவிரிக்கு இந்தக் கரையில் கிடையாது.

மருதாசலத்தின் லாரி புக்கிங் ஆபீசில் அவன் கிளார்க். வெளியூரிலிருந்து டிரங்க் கால் வந்தால் அந்த நாளில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரே இரைச்சல். அதனால் அந்தப் பக்கம் சொல்வதை ஒவ்வொரு வரியாக இவன் உரக்கத் திருப்பிச் சொல்வான்.

"மஞ்சள் நூத்தியிருவது மூட்டை, நாளைக்குக் காலைல, செவ்வாய்ப்பேட்டையில எறக்கோணும். சரிங்களா?"

ஆறு வருஷத்தில் ஒரு லோடு தப்பியதில்லை. ஆனால் போனைக் கீழே வைத்ததும் அந்தக் காது மூடிக்கொள்ளும். எதிரில் நிற்பவர் 'க' என்று ஆரம்பித்தால் இவன் 'கல்யாணமா?' என்று முடித்துவிடுவான். அவர் கருமாதிக்குச் சொல்ல வந்திருப்பார்.

"காதை ஆபீஸ்லயே கழட்டி வெச்சுட்டு வந்தர்றீங்க" என்பாள் அவன் மனைவி ஜெபமலர். அதையும் அவன் முழுக்கக் கேட்டதில்லை.

அவனுடைய உயிர்ச் சிநேகிதன் முகம்மது ஹனீப். சேலம் கோட்டைக்காரன். அதே ஆபீசில் லாரி ஓட்டினான். அறுபத்து மூன்றாம் வருஷம் ஹனீப்பின் தங்கை தஸ்லீமுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. அதைச் சொல்லத்தான் ஹனீப் ஆபீசுக்கு வந்தான்.

"ராஜு, கல்யாணத்தன்னைக்கு நீ பந்தியில ஒக்கார வேண்டாம். ஏன்னா..."

அவ்வளவுதான், இவன் எழுந்துவிட்டான்.

"ஏன், நான் ஒக்காந்தா உங்க சொந்தக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்களா? நான் மாதா கோயிலுக்குப் போறவன், அதான? பத்து வருஷமா ஒரே தட்டுல தின்னமே, அது மறந்துபோச்சா?"

"அதில்லடா, கேளு" என்று ஹனீப் மூன்று தரம் சொன்னான். மூன்று தரமும் இவன் வெட்டினான். கடைசியில் ஹனீப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

மூன்று வாரம் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஹனீப் லோடு சீட்டை நேராக முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவான். சின்னப்பராஜ் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பான். எழுத ஒன்றும் இருக்காது. உள்ளுக்குள் அவனுக்கு அழுகை அழுகையாக வந்தது. கல்யாணத்தன்று காலை ஜெபமலர் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய சட்டையோடு ஆபீசுக்குப் போனான்.

ஒன்பதரைக்கு மணி அடித்தது. "சேலம் லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்றாள் எக்ஸ்சேஞ்சுக்காரி.

"ராஜு, ஹனீப் பேசறேன். வெச்சுராத."

கை என்னவோ வைக்கத்தான் போயிற்று. ஆறு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"ஹனீப் பேசறீங்க. வெச்சுரக்கூடாது. சரிங்களா?"

"பந்தியில ஒக்கார வேண்டாம்னு சொன்னேன்."

"பந்தியில ஒக்கார வேண்டாம்னு சொன்னீங்க."

"பந்தியில ஒக்கார்றவன் விருந்தாளி."

"பந்தியில ஒக்கார்றவன் விருந்தாளி."

"எங்கப்பா இல்லாத ஊடு. பொண்ணுக்கு அண்ணனுங்களா நீயும் நானும் வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்புடோணும்."

"அப்பா இல்லாத ஊடு. பொண்ணுக்கு அண்ணனுங்களா..." சின்னப்பராஜால் மேலே சொல்ல முடியவில்லை.

"திருப்பிச் சொல்லுடா!" என்று அங்கிருந்து ஹனீப் கத்தினான்.

"நீயும் நானும் வாசல்ல நிக்கோணும்!"

"ஊட்டாளுங்க கடைசிப் பந்தியிலதான் சாப்புடுவோம். உங்களுக்குத் தவக்காலம், நீ கறி தொடமாட்டே. அம்மா உனக்குத் தனிப்பானையில பருப்புச்சோறு ஆக்கறாங்க."

"தனிப்பானையில பருப்புச்சோறு!"

அவன் போட்ட சத்தத்தில் வெளியே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரி புகுந்தாள். "மூணு நிமிஷம் ஆயிருச்சுங்க."

"ஜும்மா தொழுகை முடிஞ்சதும் நிக்காஹ். நீ வருவியா மாட்..."

லைன் செத்துவிட்டது.

"வாரேன்! வாரேன்டா! டேய், வாரேன்டா!" செத்த போனுக்குள் கதறினான் சின்னப்பராஜ்.

"செத்த போனுக்குள்ள ஏன்ப்பா கத்தறே?" என்றார் முதலாளி மருதாசலம். "வாசல்ல சேலம் வண்டி நிக்குது. ஓடு!"

அவன் வெளியே பாய்ந்தான். வீடு ஆபீசுக்குப் பின்னால்தான். அந்தக் கத்தலில் வீட்டுக்கும் விஷயம் போயிருந்தது. ஜெபமலர் வெள்ளைச் சட்டையோடு, தானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லாரிப் பக்கத்தில் தயாராக நின்றாள். இரண்டு பேரும் கேபினில் ஏறினார்கள். வழியில் மெக்டொனால்டு சவுக்கை என்கிற ஊர் வரையிலும் முன்னால் போன மாட்டு வண்டிகளையெல்லாம் அவன் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனான். டிரைவர் ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டம் தெருவில் இறங்கும்போது சின்னப்பராஜ் ஹனீப் வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றான். பக்கத்தில், தொழுகை முடிந்து முதல் ஆளாக ஓடிவந்த ஹனீப். இரண்டு பேருக்கும் பேச நேரமில்லை. "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இவனுக்குக் குரலே போய்விட்டது. பெண்ணுக்கு எத்தனை அண்ணன் என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் கேட்டதற்கு, உள்ளிருந்து ஹனீப்பின் அம்மா ரபியா "ரெண்டுங்க" என்றாள்.

நாலு மணிக்குத்தான் கடைசிப் பந்தி. ரபியா பருப்புச்சோற்றை அவளே கொண்டுவந்து போட்டாள். ஹனீப்பும் பிரியாணியை ஒதுக்கிவிட்டு அதே பானையில் கை வைத்தான்.

"ஏன்டா, சங்ககிரிக்குத் தெனமும்தான் வந்தே. நேர்ல சொல்லித் தொலைஞ்சிருக்கலாமல்ல?" என்றான் சின்னப்பராஜ். "கல்யாண அவசரத்துல ஓடிப்போயி டிரங்க் கால் போடுவாங்களா?"

"நேர்ல சொன்னா நீ எப்படா கேட்டிருக்கே? உனக்குப் போன்ல சொன்னாத்தான் காது கேக்கும்."

ரபியா சிரித்தாள், ஜெபமலர் அதற்கு மேல் சிரித்தாள். சின்னப்பராஜின் நாக்கு நுனியில் சூடாக ஒரு பதில் துடித்தது. ஒரு கவளம் சோற்றை வாயில் போட்டு அதை விழுங்கினான்.

"சரி. மூணு வாரமா என்னையப் பத்தி என்னென்ன நெனச்சே? ஒண்ணுவிடாமச் சொல்லு."

ஹனீப் சொன்னான். பாயைச் சுருட்டுகிற வரையில் சொன்னான். அதில் நல்ல வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. சின்னப்பராஜ் ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை.