இருபத்துமூன்று அவுன்ஸ் சட்டகமும் ஒரு பை ஜல்லியும்

வெர்னா ஸ்கோகன் ஓட்டும் மஞ்சள் பள்ளிப் பேருந்தின் பிரேக் சத்தத்துக்கு, மலையின் மறுபக்கத்தில் குளிர்காலத் தூக்கம் போட்டிருக்கும் கரடியும் எழுந்து முகம் கழுவிக்கொள்ளும் என்று ஹாக்கெட் ஓடை ஊரில் சத்தியம் செய்வார்கள். முப்பத்தாறு வருடமாக அதே வழி, அதே வளைவுகள். ஊரில் நாற்பத்திரண்டு வயதுக்குட்பட்ட எவரும் அவளிடம் ஒருமுறையாவது 'உட்காருடா' என்று அதட்டு வாங்காமல் வளர்ந்ததில்லை.

அந்த முப்பத்தாறில் இருபத்தேழு வருடம் அவள் வெள்ளை மலையாட்டு வேட்டைக்கான அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். மொன்டானாவில் அது குலுக்கல். பலருக்குக் கடைசிவரை விழாது. வெர்னாவுக்கு அறுபத்தொன்றாம் வயதில், ஒரு முழங்காலை மாற்றி உலோகம் வைத்த மறு வருடம், ஜூன் மாதத்தில் விழுந்தது. நவம்பர் கடைசியோடு சீட்டு செல்லாது. மறுபடி எழுதிப் போட்டு இன்னொன்று விழுவதற்குள் அவளை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் மலையேற வேண்டியிருக்கும்.

"இருபத்தேழு வருஷமா என்னைப் பாத்து இப்படிச் சிரிக்கல. ஒரு காகிதத்தைப் பாத்து சிரிக்கிறா" என்றான் கணவன் கிளெம்.

"காகிதம் குறட்டை விடாதே" என்றாள் வெர்னா.

அவளிடம் இருந்த துப்பாக்கி மாமனாருடையது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய வகை. குழல் இன்றும் குறி தப்பாது. ஆனால் அதைத் தாங்கிய வாதுமைக் கட்டை, ஆறடி மூன்றங்குல மனிதரின் கைக்கு அளவெடுத்துச் செய்தது. வெர்னா ஐந்தடி. எல்லாம் சேர்த்து ஒன்பதரைப் பவுண்டு. அதைத் தூக்கிக்கொண்டு புது முழங்காலோடு நாலாயிரம் அடி ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு விடாப்பிடி வழக்கம்: சீட்டு யார் பெயரிலோ, துப்பாக்கியும் அவர் தோளில்தான். மற்றதை ஊரே சுமக்கலாம்.

ஆகவே துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹாலிஸிடம் போனாள். ஹாலிஸ் முந்நூறு பவுண்டு ஆள். கடை வாசலில் ஜல்லி கொட்டி, அதன்மேல் நடந்தே அதை மாவாக்கி வைத்திருப்பவன். ஆறு வயதில் அவளுடைய பேருந்தில் ஏறியவன். இன்றும் அவளை 'மிஸஸ் ஸ்கோகன்' என்றுதான் கூப்பிடுவான்.

"கட்டையைக் கழட்டிட்டு சேஸிஸ் மாட்டிடலாம், மிஸஸ் ஸ்கோகன்."

"சேஸிஸ் என் பஸ்ஸுக்குத்தான்டா இருக்கு."

"இதுவும் அதே வேலைதான். குழலையும் போல்ட்டையும் ஆடாமப் பிடிச்சிக்கிற எலும்புக்கூடு. பின்பாகத்தை உங்க கைக்குத் தக்க இழுக்கலாம், குறைக்கலாம். மடிச்சும் வெக்கலாம்."

மூன்றை மேசைமேல் வைத்தான். அலுமினியத்தில் ஒன்று: திருகுகளும் தண்டுகளுமாக, பல் மருத்துவரின் நாற்காலிபோல எல்லாப் பக்கமும் அசைந்தது, மூன்றரைப் பவுண்டு. கார்பன் நாரில் ஒன்று: இரண்டு பவுண்டு. மூன்றாவது மக்னீசியம். நடுவில் ஓட்டை ஓட்டையாகக் குடைந்து, சாப்பிட்டு முடித்த மீன்முள்போல இருந்தது. இருபத்துமூன்று அவுன்ஸ், ஒன்றரைப் பவுண்டுகூட இல்லை.

வெர்னா அந்த மீன்முள்ளைத் தூக்கினாள். ஹாலிஸ் அவளுடைய குழலையும் தொலைநோக்கியையும் அதில் மாட்டி, பின்பாகத்தை இரண்டங்குலம் குறைத்து, கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்தினான். கழுத்தை நீட்டாமலே அவள் கண் தொலைநோக்கிக்கு நேராகப் போய் நின்றது. நாற்பது வருடமாக யாரோ ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு சுட்டவளுக்கு முதல்முறையாகச் சொந்தச் சட்டை கிடைத்தது. கன்னத்தை அங்கிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஹாலிஸ் திருகாணியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"இதுதான்" என்றாள்.

"நடுவுல இருக்கறதையும் ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன்."

"ஒன்பது அவுன்ஸ் அதிகம்டா அது. நீயா தூக்கப்போற?"

செய்தி பரவியதும் ஊருக்கு அவுன்ஸ் பைத்தியம் பிடித்தது. ஆளாளுக்கு இருப்பதிலேயே லேசான பொருளைத் தேடிக் கொண்டுவந்து இரவல் தந்தார்கள். தபால்காரி காற்றைவிட லேசான கூடாரம் தந்தாள். அது பறந்துபோகாமல் இருக்க அதன்மேல் பூனையை உட்கார வைத்துத்தான் கொண்டுவந்தாளாம். கிளெம் சமையல் தராசோடு உட்கார்ந்தான். பல்துலக்கியின் பிடியை அறுத்தான். கரண்டியில் ஓட்டை போட்டான். அதில் சூப் குடிக்க முடியாது என்று மறுநாள்தான் தோன்றியது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து, சுவரில் எழுதிக் கூட்டினான்.

"உன் முழங்கால்ல இருக்கிற உலோகத்தை எதுல எழுத?"

"உன் வாயோட எடையில கழிச்சிக்கோ."

செப்டம்பரில் சுடும் திடலுக்குப் போனார்கள். முதல் குண்டிலேயே மீன்முள் உதைத்த உதையில் வெர்னாவின் தொப்பி பின்னால் பறந்தது. நாலாவது குண்டுக்கு முன்பே அவள் கண் தானாக மூடிக்கொண்டது. அதன்பின் சுட்ட மூன்றில் ஒன்றுகூட குறி அட்டையில் படவில்லை. எடையில்லாத துப்பாக்கியில் உதைப்பைத் தாங்க எதுவும் இல்லை; எல்லாம் நேராகத் தோளுக்கு வந்தது.

"மலை மேல போகுறவரைக்கும் சரி. போன பிறகு என்ன செய்ய, ஹாலிஸ்?" அவள் குரல் தாழ்ந்திருந்தது. நாற்பது வருடம் சுட்டவள் கண்ணை மூடினாள் என்பதை அவளாலேயே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஹாலிஸ் தாடையைச் சொறிந்தான். பிறகு கடைக்குத் திரும்பி ஒரு சின்னத் துணிப்பையைத் தைத்து, சேஸிஸின் முன்பக்கப் பள்ளத்தில் இறுக்கிக் கட்டும்படி வார் வைத்தான். வாசலில் இருந்து மூன்று பவுண்டு ஜல்லியை அள்ளி அதில் போட்டான்.

"ஏறும்போது காலிப் பை. உச்சியில கெடக்கிறது பூரா கல்லுதானே? அங்க நிரப்பிக்கோங்க."

மறுபடி திடலுக்குப் போய்ப் பையைக் கட்டியதும் துப்பாக்கி சாதுவாகிவிட்டது. அவள் கண் திறந்தே இருந்தது. ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன.

அக்டோபர் இரண்டாம் வாரம் லீவு போட்டுவிட்டு ஏறினாள். இடுப்பு சரியில்லாத கிளெம் கீழே வண்டியில் தங்க, ஹாலிஸ் கூடாரமும் சாப்பாடும் சுமந்து பின்னால் வந்தான். முதல் நாள் முழுக்க வெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. முதுகுப்பையின் கணக்கு சுவரில் பத்தொன்பது பவுண்டு; முதுகு வேறு கணக்குச் சொன்னது.

"வயசாயிடுச்சு" என்றாள், ஒரு பாறையில் சாய்ந்து.

"உங்க பஸ்ஸுக்கும்தான் ஆச்சு. அது ஏறலையா?"

இரண்டாம் நாள் உச்சிக்குக் கீழே முழங்கால் அளவுப் பனி. இருநூற்றைம்பது கஜத்தில் தனியாக ஒரு கிழக் கடா, செங்குத்தான பாறை விளிம்பில் நின்றது. அங்கே சுட்டால் உருண்டு பள்ளத்தில் போய்விடும். கொம்பும் மிஞ்சாது, கறியும் மிஞ்சாது. வெர்னா படுத்துக் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அது மெல்லத் தட்டையான மேடைப் பக்கம் நடந்தது.

"கல்லு" என்று கிசுகிசுத்தாள்.

ஹாலிஸ் பனியைத் தோண்டினான். கீழே எல்லாம் உறைந்து மலையோடு மலையாக ஒட்டிக்கிடந்தது. முந்நூறு பவுண்டு ஆள் இழுத்தும் ஒரு கல் அசையவில்லை. கடா மேடையில் நின்றது. நாலு எட்டு வைத்தால் மறுபக்கம் இறங்கிவிடும். வெர்னா துணிப்பைக்காகத் தன் முதுகுப்பையின் அடியில் கையை விட்டாள். விட்ட கை அங்கேயே நின்றது.

துணிப்பை கனத்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஜல்லி. நடுவில் ஒரு பீர் மூடி. திடலில் கட்டிய பையை யாருமே கொட்டவில்லை. பல்துலக்கியை அறுத்த கிளெம், துணிப்பையின் எடை ஹாலிஸுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டான். ஹாலிஸோ எல்லாவற்றையும் கிளெம் நிறுத்திருப்பான் என்று நினைத்தான். கற்களால் ஆன மலைக்கு ஊரிலிருந்து கல் சுமந்து ஏறியிருக்கிறாள்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வயிற்றைப் பிடித்தது. கையுறையைக் கடித்துக்கொண்டு பையைக் கட்டினாள். மூச்சை விட்டாள். கண் திறந்தே இருந்தது.

கடா நின்ற இடத்திலேயே மடிந்தது. ஓர் அடிகூட உருளவில்லை.

ஹாலிஸ் பனியிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். வெர்னா எழுந்து போய், அந்த முரட்டு வெள்ளை ரோமத்தின்மேல் கை வைத்து, "நன்றி" என்றாள். அது யாருக்கெல்லாம் என்று பட்டியல் போட்டால் கூடாரத்தின்மேல் உட்கார்ந்த பூனைவரை வரும்.

"ஜல்லியை இங்கயே கொட்டிடுங்க, மிஸஸ் ஸ்கோகன். இறங்கும்போதாவது லேசா இருக்கட்டும்."

கொட்டினாள். பீர் மூடியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறன்று ஊரே தேவாலயத்துப் பின்கட்டில் அந்தக் கறியைச் சாப்பிட்டது. கிழக் கடாவின் கறி அல்லவா, மென்று முடிக்க மறு ஞாயிறு வந்துவிட்டதாகச் சொல்வார்கள். திங்கள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மஞ்சள் பேருந்து ஹாலிஸின் கடைமுன் அலறிக்கொண்டு நின்றது. வெர்னா இரண்டு பெரிய வாளிகளில் ஆற்று ஜல்லியை இறக்கி, வாசல் பள்ளத்தில் கொட்டி, பூட்ஸ் காலால் மிதித்தாள்.

ஹாலிஸ் கதவருகே வந்து பார்த்தான். "மூணு பவுண்டுதானே எடுத்தோம்."

"தெரியும்டா" என்றாள், மிதித்துக்கொண்டே. "எடை போடாமத்தான் அள்ளினேன்."