கழுவி வைத்த முட்டைகள்

என் மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. முட்டையைக் கழுவலாமா கூடாதா என்று யாராவது பேச்செடுத்தால் இன்னும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அவளுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த சமயம். தினம் ஒரு முட்டை, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பம்மலில் எங்கள் தெருக் கடை முட்டையில் எச்சமும் இறகும் ஒட்டியிருக்கும். எனக்கு வேலை மறைமலை நகரில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது. கழுவித் துடைக்காத பாகத்தை ஸ்டோருக்குள் விடமாட்டேன். அதே புத்தியை வீட்டிலும் காட்டினேன். முப்பது முட்டையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியில் ஒற்றி, ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.

"ஏங்க, வேகவைக்கும்போது கழுவிக்கினா போதாதா? முன்னாடியே கழுவுனா கெட்டுப் போவும்," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு படு," என்று எரிந்து விழுந்தேன். பெரிய மேதாவி நான்!

பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மாவிடம் முட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"முட்டையாலதான்னு சொல்ல முடியாது சார். வெள்ளை அணு இவ்ளோ கம்மியா இருந்தா எதுலேர்ந்து வேணா வரும். ஆனா கழுவி எடுத்து வைக்காதீங்க. ஓட்டு மேல ஒரு படலம் இருக்கும், அது போயிட்டா கிருமி சுலபமா உள்ள போயிடும். சமைக்கறப்ப கழுவுங்க, நல்லா வேகவைங்க."

நல்லா வேகவைங்க. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு நாள் காலையில் முட்டையைச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். மஞ்சள் கரு இளகியிருந்தது. அவள் அதை அப்படியே சாப்பிட்டாள். ஐயோ, நானே விஷம் வைத்துவிட்டேனே என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. அவளைக் கொண்டுபோனது ஐந்து மாசம் கழித்து அந்தப் புற்றுநோய்தான். ஆனால் அன்று கட்டிலண்டை நின்றபோது எனக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லி, "என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"கழுவாம வுட்டிருந்தா, கழுவலையேன்னு இப்டித்தான் வந்து நின்னுகினு இருப்பீங்க," என்றாள். "உங்களால என் வியாதி மேல கோவப்பட முடியல. அதான் மொதல்ல என் மேல எரிஞ்சு வுழுந்தீங்க, இப்ப உங்க மேலயே கோவப்படறீங்க. நாளைக்கு முட்டை கொண்டாங்க. உங்க கையாலயே வேகவச்சு."

மறுநாள் கொண்டுபோனேன். மருந்தால் அவளுக்கு வாயெல்லாம் புண். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே.