சரியாகப் பேசிய மாப்பிள்ளை

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆடி அமாவாசை அன்று தேவிபட்டினத்தில் நடந்தது இது. எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாவற்றிலும் முதல். ஏதோ ஒரு ஐ.க்யூ. டெஸ்டில் தான் வாங்கிய மதிப்பெண்ணைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். கமுதிப் பக்கம் மிளகாய் போட்டுப் பிழைக்கிற எங்களுக்கு அது பெரிய வரன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அய்யா தேவிபட்டினம் கடலில் தர்ப்பணம் கொடுக்கப் போவார். என் அண்ணனுக்காக. மிளகாய்க் காட்டில் தண்ணீர் பாய்ச்சும்போது பாம்பு கடித்து இறந்துபோனவன் அவன். அந்த வருடம் லீவில் வந்திருந்த மாப்பிள்ளை, "நானும் வாரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு வந்து அய்யாவையும் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

எள்ளும் தண்ணீரும் விட்டு முங்கி எழுந்த அய்யா, தண்ணீரிலேயே நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கேட்டார்.

"கடிச்ச உடனே எங்க மாமா கொண்டுபோனீங்க?"

"பக்கத்து ஊர்ல மந்திரிக்கிறவர்ட்ட... பெறகு ஆஸ்பத்திரிக்கு..."

"அங்கதான் தப்பு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம். உங்க முடிவாலதான் உங்க மகன் உயிர் போயிருக்கு மாமா."

குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துதான் அம்மாவும் நானும் ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள் சொல்லாவிட்டாலும், நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா என்று அய்யா தன்னிடமே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அய்யா கரைக்குத் திரும்பும்போது தடுமாறினார். தர்ப்பணத்துக்கு வந்திருந்த யாரோ ஓர் அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாசியா இருக்குண்ணே, மெதுவா வாங்க. அழுகை வந்தா அழுதுருங்க. அதுக்குத்தான இங்கன வாரோம்."

கரை வரைக்கும் கையை விடவே இல்லை. அய்யாவை உட்காரவைத்துவிட்டுத் தன் ஆட்களோடு போய்விட்டார்.

நான் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன். "அய்யாகிட்டப் போயி கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம்."

"நான் சொன்னதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல."

"பெறகு எதுக்கு உக்காரணும்? நீ எமோஷனலா பேசுற. உண்மைய ஏத்துக்கிட்டா அவருக்குத்தான் நல்லது."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் போனை எடுத்து எதையோ தேடியபடி, "அது என்ன பாம்புன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. "நாங்க பஸ்ஸுல போறோம். இந்தக் கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அய்யாவையும் அம்மாவையும் எழுப்பினேன்.

ஊரே வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு பேச்சுக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா, இவ்வளவு மூளைக்காரனை விட்டால் இனி எவன் வருவான் என்று ஆளுக்கு ஆள் திட்டினார்கள். அவர்களைச் சமாளித்துவிட்டேன். அய்யாவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"அவரு உள்ளதத்தான சொன்னாரு தாயி. எனக்காக நீ ஒன் வாழ்க்கையக் கெடுத்துக்கிடாத."

"ஒங்களுக்காக மட்டும் இல்லய்யா. நாளைக்கு நான் அழுதாலும் அவரு பக்கத்துல வந்து உக்கார மாட்டாரு. எங்க தப்பு நடந்துச்சுன்னு வெளக்கம்தான் சொல்லுவாரு."

அய்யா எழுந்துபோய்ப் பத்திரிகைக் கட்டை எடுத்துப் பரணில் போட்டார்.

அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும். எனக்கு இன்னும் ஆகவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "படிச்சும் புத்தியில்லாதவ" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

போன ஆடி அமாவாசைக்கும் அய்யாவோடு போனேன். திரும்பும்போது பஸ்ஸில், அண்ணன் தன் மடியில் தலைவைத்துத் தண்ணீர் கேட்டதையும், கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தான் தவித்ததையும் முதல்முறையாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தக் கல்யாணத்தை நிறுத்தியதற்காக இன்று வரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை; அழுகிற மனிதன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாத அறிவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதற்கு என் வீட்டில் இடம் இல்லை.