கதைமாந்தருக்கு இலை போட்ட ஸ்டெல்லா அக்கா

செய்தி வந்தபோது நான் பெருமாநல்லூரில், எங்கள் கம்பெனி ஆபீசில், துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீலத்தில் கொஞ்சம் பச்சை தட்டுகிறது என்று அவர் சொல்ல, இல்லவே இல்லை என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு போன் அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஜெபராஜ் அண்ணன். "ஸ்டெல்லா போயிட்டா பிள்ள" என்றார். அடுத்து, "சாப்டியா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். பையரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்று அழுதேன்.

நம் வாசகர் வட்டத்தில் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தார். தைத்து வரும் பனியன்களைப் பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் புத்தகம் படிப்பார். நானும் படிப்பேன். அப்படித்தான் பழக்கம். அவரிடம் போன புத்தகம் மஞ்சள் கறையோடுதான் திரும்பி வரும். முடிவு என்ன என்று முதலிலேயே சொல்லிக் கெடுப்பார். என்னால் பத்துப் பக்கம் தாண்ட முடியாத கண்ணீர்க் கதைகளை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுவார். கிண்டல் செய்தால், "ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லட்டி" என்பார்.

அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து ஒரு ஏமாற்றத்தில்தான் தொடங்கியது. ஒரு வருடம் ஊரிலிருந்து அக்காவின் தம்பிகள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா ஆட்டுக்கறி வாங்கி, முந்திரிக்கொத்து சுட்டு, வாசலில் ஸ்டார் கட்டி, ஹாலில் சுவரோரமாக வரிசையாக இலையும் போட்டுவிட்டார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று மத்தியானம் போன் வந்தது. உடனே என்னையும் முருகேசண்ணனையும் வரச் சொன்னார். முருகேசண்ணன் வீரபாண்டிப் பக்கம் சாயப் பட்டறையில் வேலை பார்ப்பவர், எங்களோடு புத்தகம் மாற்றிப் படிப்பவர். நாங்கள் போய் உட்கார்ந்த பிறகும் ஹால் முழுக்க இலைகள் காலியாகக் கிடந்தன. அக்கா அவற்றைப் பார்த்தபடியே நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு, "வீட்டு ஆளுவ வரலேன்னா என்ன, கதையில வாரவியளக் கூப்பிடுவோம்" என்றார். அந்த வருடம் நாங்கள் மூன்று பேரும் படித்த புத்தகங்களிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து உட்கார வைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாயங்காலமும் அது நடந்தது. சட்டதிட்டம் எல்லாம் அக்காவுடையது. கதைமாந்தர்தான் உட்கார வேண்டும். எழுத்தாளர்களும் விருந்துக்கு வரலாம், ஆனால் அவர்கள் நின்று பரிமாற வேண்டும். "புத்தகம் பூரா பட்டினி போட்டு, அழ வச்சு, வெயில்ல நடக்க விட்டாவல்லா. ஒரு நாளாவது சோறு போடட்டும்" என்பது அவர் நியாயம். நான் கதை எழுதுகிறவள் என்பதால் அத்தனை எழுத்தாளர்கள் சார்பிலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போக வேண்டியது என் தலையில் விழுந்தது. ஒரு நாவலில் ஒரு விதவை வருவாள். கடைசிப் பக்கம் வரைக்கும் அவள் ஒரு வாய் சாப்பிட்டதாக எழுத்தாளர் எழுதவில்லை. அவள் இலையை நான் தாண்டியதும் அக்கா பின்னாலிருந்து அதட்டினார். "இன்னொரு கரண்டி வைட்டி. அவ கேக்க மாட்டா." நான் திரும்பிப் போய் வைத்தேன்.

கிறிஸ்துமஸ் என்றால் புதுத்துணி வேண்டும். அதுவும் திருப்பூரில் இருந்துகொண்டு துணி இல்லாமல் விருந்தா? எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன்களை வருடம் முழுக்க வாங்கிச் சேர்த்து, விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்து வைப்பார். சைஸ் முடிவு செய்வதில்தான் சண்டை வரும். ஒரு கதையில் வரும் போஸ்ட்மாஸ்டருக்கு எக்ஸ்எல் என்று அக்கா தீர்ப்புச் சொல்ல, முருகேசண்ணன் விடவில்லை.

"ஏனுங்க்கா, அவரு குண்டுன்னு புத்தகத்துல எங்கீங்க இருக்குது?"

"படியேறும்போதெல்லாம் நின்னு மூச்சு வாங்குதாருல்லா? வயிறு இல்லாமலா?"

"ஆஸ்த்மாவா இருக்குமுங்க."

"அதுக்கு மூணு வேளையும் அப்பளம் பொரிக்கச் சொல்லுவாராக்கும்?"

எக்ஸ்எல்தான் போனது. விருந்து முடிந்ததும், பக்கத்து லைன் வீட்டில் தங்கியிருந்த பீகார், ஒடிசாக்காரர்களை அக்கா கூப்பிடுவார். அவர்களும் ஊருக்குப் போக முடியாதவர்கள்தான். அவர்கள் அந்த இலைகளில் உட்கார்ந்து நிஜமாகவே சாப்பிடுவார்கள். யாருக்கு எந்தப் பனியன் சேர்கிறதோ அது அவர்களுக்கு. மார்ச் மாதம் ஒரு நாள் பெருமாநல்லூர் டீக்கடையில் அந்த எக்ஸ்எல் பனியனோடு நம் போஸ்ட்மாஸ்டர் நின்று வடை தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது, "நல்லா இருக்காரா?" என்று விசாரித்தார்.

ஒரே ஒரு வருடம் அந்த விருந்தில் மனத்தாங்கல் வந்தது. முருகேசண்ணனின் மனைவி கனகா மாரடைப்பில் இறந்த வருடம் அது. இலை போடும் நேரத்தில் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஸ்டெல்லாக்கா, ஒரு ஓரமா அவளுக்கும் ஒண்ணு போடுங்களே." அக்கா தலையசைத்து மறுத்துவிட்டார். "கனகாவுக்கு நீங்க திதி குடுக்கிய, படம் வச்சு வெளக்கு ஏத்துதிய. இவியளுக்கு யாரு இருக்கா? புத்தகத்த மூடிட்டா அவ்வளவுதான். எழுத்துல இருக்கவியளுக்குத்தான் அண்ணாச்சி இந்த எல. கனகாவ யாராவது எழுதட்டும், முத எல அவளுக்குத்தான்." அண்ணன் குனிந்து மிச்ச இலைகளைப் போடத் தொடங்கினார். எனக்கு அன்று அக்கா மேல் நல்ல கோபம். சட்டம் என்றால் இவ்வளவு கறாராகவா இருக்க வேண்டும்? ஆனால் அண்ணன் போன பிறகு அக்கா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுததையும் பார்த்தேன்.

இந்த வருடம் நோய் வந்தது. வயிற்றில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். "ஏட்டி, இங்க இருக்கேன்" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். எங்கள் வேனில் இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்து வந்தவர், ஒரு பிள்ளையைப் போலக் கிடந்தார். போட்டிருந்த ஆஸ்பத்திரி உடுப்பின் தையலை விரலால் நெருடிப் பார்த்து, "ஓவர்லாக் போட்டிருக்க லட்சணத்தப் பாரு. நம்ம டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட்" என்றார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். "எக்ஸ்எல் போட்ட கை. இப்ப எஸ் சைஸு கூட தொளதொளங்கும்." நான் வேறு பக்கம் பார்த்தேன். புறப்படும்போது, "நான் இல்லேன்னாலும் எலயப் போட்டுருங்க. அவிய வேற எங்க போவாவ?" என்றார். "சரீங்க்கா" என்றேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நானும் முருகேசண்ணனும் நடந்து வந்தோம். வழியில் வீடுகளில் ஸ்டார் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"விருந்து நடத்தோணுமுங்க, சரி. அக்காளுக்கு எலை போட முடியாதுங்களா?"

"முடியாதுங்ண்ணா. அவிங்க போட்ட சட்டமுங்க."

"அவிங்க இல்லாம அந்த ஊட்ல நாம எப்படீங்க உக்கார்றது?"

அக்காவின் விருந்தில் அக்காவுக்கே இடமில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இருக்கும்போதும் அக்கா எல்லாரும் எழுந்த பிறகு, பரிமாறிக் களைத்த என்னோடு கடைசியாகத்தான் உட்காருவார். ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட முதல் பந்தியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டத்தை மீறலாம் என்றால் மனம் வரவில்லை. கனகா அக்காவுக்கு இல்லை என்று சொன்ன சட்டத்தை இவருக்காக மட்டும் எப்படி வளைப்பது?

பல நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நண்பர்களே, இது அஞ்சலிதான், ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

கனகா அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். புருஷன் புத்தகம் படிக்கும்போது விளக்கை அணைக்காமல், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு தூங்குவார். முருகேசண்ணா, எழுதிவிட்டேன். ஊறுகாயும் வாங்கி வைத்துவிட்டேன். முதல் இலை அவருக்குத்தான், அக்கா சொன்னபடி.

இரண்டாவது இலை ஸ்டெல்லா அக்காவுக்கு. எழுதியவர்தான் பரிமாற வேண்டும் என்பதால் நானே பரிமாறுவேன். கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், இன்னொரு கரண்டி சேர்த்தே வைப்பேன். பனியனும் எடுத்துவிட்டேன், அவருக்குப் பிடித்த ரோஸ் கலரில். கடைக்காரர் சைஸ் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரு நிமிடம் கண்முன் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொன்னேன். விருந்து முடிந்ததும் அந்த ஒரு பனியனை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், நானே வைத்துக்கொள்வேன். அக்கா இருந்தால் திட்டுவார். திட்டட்டும்.

எக்ஸ்எல் எடுத்திருக்கிறேன், அக்கா.